பிடித்த கை யாருடையது?

மணிமுத்தாற்றங்கரைச் சபைகள் – அத்தியாயம் 17

சென்ற அத்தியாயத்தில், விருத்தாசலத்துக்கு அருகே முகாசாபரூர்ப் பாளையத்தைச் சேர்ந்த கோணாங்குப்பத்தில் வீரமாமுனிவர் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பிய கதையைப் பார்த்தோம். காலவரிசைப்படி அடுத்து டேனிஷ் மிஷன்காரர்களின் வருகைக்குப் போக வேண்டும். அதற்குமுன் ஒரு கேள்விக்காக இந்த அத்தியாயத்தை முழுதாக ஒதுக்குகிறேன். அந்தக் கேள்வி புரியாமல், இந்த வட்டாரத்துச் சபைகள் ஏன் ஒன்றையொன்று அப்படி முறைத்துக்கொண்டன என்பது புரியாது.

கிறிஸ்துவை விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்ற ஒருவர், பெற்ற இரட்சிப்பைப் பிறகு இழந்துவிட முடியுமா?

இன்று எந்தச் சபையின் வேதபாட வகுப்பிலும் இது சூடான விவாதம். ‘ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிக்கப்பட்டவரே’ என்று ஒரு கட்சி. ‘விழுந்துபோனால் போனதுதான்’ என்று எதிர்க்கட்சி. கேட்பவர்களுக்கு இது நேற்று வந்த தகராறு போலத் தோன்றும். ஆனால் பழைய தென்னார்க்காடு ஜில்லாவுக்குள் மட்டும் இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் மூன்று மிஷன்களின் வழியாக வந்து இறங்கியிருக்கின்றன. கோணாங்குப்பத்தில் ஒன்று, மேல்பட்டாம்பாக்கத்தில் ஒன்று, திண்டிவனத்தில் ஒன்று.

முதலில் வந்தது கத்தோலிக்கப் பதில். அது விருத்தாசலத்துக்கு வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழில் அச்சேறிவிட்டது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான செய்தி பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை உருவாக்கிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் 1580இல் கொச்சியில் அச்சிட்ட இன்னொரு நூலைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அதன் பெயர் ‘கொம்பெசியோனாயரு’. பாவசங்கீர்த்தனம் செய்ய வருபவர் தன்னை எப்படிச் சோதித்துக்கொள்ள வேண்டும், எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டி. தமிழ் அச்சின் முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே, இழந்த அருளைத் திரும்பப் பெறுவது எப்படி என்பதற்கென்று தனியாக ஒரு புத்தகம் வந்துவிட்டது. இந்தக் கேள்வி எவ்வளவு அவசரமானதாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கத்தோலிக்க நிலைப்பாட்டை 1547இல் திரெந்து பொதுச்சங்கம் தன் ஆறாம் அமர்வில் வரையறுத்தது. ஞானஸ்நானத்தில் ஆத்துமம் தேவ இஷ்டப்பிரசாதத்தைப் பெறுகிறது. சாவான பாவம் ஒன்றைக் கட்டிக்கொண்டால் அந்தப் பிரசாதம் போய்விடுகிறது. விசுவாசம் மிச்சமிருக்கலாம், ஆனாலும் அருள் போய்விடும். போனதைத் திரும்பப் பெறப் பச்சாத்தாபம் என்ற தேவதிரவிய அனுமானம் இருக்கிறது. குருவானவர் முன் பாவத்தை வெளியிட்டுப் பாவ மன்னிப்புப் பெற வேண்டும். கடைசிவரை நிலைத்து நிற்பேன் என்று, தேவன் தனியாக வெளிப்படுத்தினாலன்றி, ஒருவரும் ஐயமின்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்றும் அந்தச் சங்கம் சொன்னது.

ஐரோப்பாவில் இந்தப் போதனையோடு வாழ்வது எளிது. தெருவுக்கொரு கோயில், கோயிலுக்கொரு குருவானவர். மதுரை மிஷனில் நிலைமை வேறு. ஒரு சாமியார் பல நாள் நடைத்தூரப் பரப்பைச் சுற்றிவர வேண்டும். ஒரு கிராமத்துக்கு அவர் மறுபடி வர மாதங்கள் ஆகும். போரும் பாளையக்காரர் தகராறும் குறுக்கிட்டால் இன்னும் தாமதம். அதற்குள் ஒருவர் பாவத்தில் விழுந்து, காய்ச்சலும் கண்டு, படுக்கையில் கிடந்தால்? பிரசாதம் போயிற்று; திரும்பத் தருகிறவர் ஊரில் இல்லை. இங்கேதான் உபதேசியாரின் வேலை வருகிறது. பாவத்துக்காகத் தண்டனைப் பயத்தால் வருந்தாமல், தேவனை நேசிப்பதால் வருந்தினால் அது உத்தம மனஸ்தாபம். குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் விருப்பம் அந்த மனஸ்தாபத்தில் அடங்கியிருந்தால், அவர் வருவதற்கு முன்பே தேவன் அந்த ஆத்துமத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கிவிடுகிறார். 1551இல் அதே திரெந்து சங்கம் சொன்னது இது. அதனால்தான் உத்தம மனஸ்தாப மந்திரத்தை ஒவ்வொரு வீட்டிலும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, சாகக் கிடக்கும் மகனின் காதருகே குனிந்து அந்த மந்திரத்தை வரிவரியாகச் சொல்ல, அவன் உதடு அசைத்துத் தொடர வேண்டும். வீரமாமுனிவர் உபதேசியார்களுக்காகவே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். இழக்கக்கூடிய இரட்சணியத்தைக் கிராமத்து மக்கள் கையில் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் உபதேசியார்கள். மிஷன் வரலாறுகள் பாதிரிமார் பெயர்களால் நிரம்பி வழிகின்றன. இவர்களுக்கு அவற்றில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் கடற்கரையில் இன்னொரு குரல் எழுந்தது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் லுத்தரன்கள். 1720களில் அவர்களுடைய போதனை தஞ்சாவூர் நாட்டுக்குள் நுழைந்தது. தஞ்சைப் படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கர், தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷத்தை வாசித்து லுத்தரன் சபைக்கு மாறி, அதன் உபதேசியாராகவும் ஆனார். கத்தோலிக்கத் தரப்புக்கு இது பெரிய அதிர்ச்சி. தாய்ச்சபையை விட்டுப் பிரிவதே அவர்கள் பார்வையில் ஆத்துமத்தைப் பறிகொடுக்கும் செயல். வீரமாமுனிவர் எழுதுகோலைக் கூர்மையாக்கினார். ‘வேத விளக்கம்’, ‘லுத்தேர் இனத்தியல்பு’, தரங்கம்பாடியார் எழுதியதற்கு மறுப்பாகப் ‘பேதகம் மறுத்தல்’ என்று வரிசையாக வந்தன. தேம்பாவணியின் ஆசிரியர் இவ்வளவு காரமாகவும் எழுதுவாரா என்று வாசிப்பவர்கள் திகைப்பார்கள். எதிர்த்தரப்பும் சளைக்கவில்லை. தமிழ் உரைநடை வளர்ந்த களங்களில் இந்தச் சண்டையும் ஒன்று.

இவ்வளவு சண்டையிட்ட இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். இரட்சிப்பை இழக்க முடியும் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

இன்றைய புராட்டஸ்டண்ட் வாசகர்களில் பலருக்கு இது வியப்பாக இருக்கும். லுத்தர் என்றாலே ‘விசுவாசத்தினாலே மாத்திரம்’ என்ற முழக்கம்தான் நினைவுக்கு வரும். விசுவாசத்தால் கிடைத்தது எப்படிப் போகும் என்று தோன்றும். ஆனால் லுத்தரன் சபையின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 12ஆம் பிரிவு, நீதிமான்களாக்கப்பட்டவர்கள் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்று சொன்னவர்களைப் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. அதே பிரிவு இன்னொரு கூட்டத்தையும் கண்டிக்கிறது: ஞானஸ்நானத்துக்குப் பிறகு விழுந்தவர்கள் மனந்திரும்பினாலும் அவர்களுக்குப் பாவமன்னிப்புக் கூறமாட்டோம் என்றவர்களை. அவர்கள் நோவாசியன் வழிவந்தவர்கள். கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தெசியுஸ் காலத்துத் துன்புறுத்தலில் அஞ்சி மறுதலித்த விசுவாசிகள் திரும்பி வந்தபோது கதவை அடைக்க நினைத்தவர் நோவாசியன். ஆக, விழவே முடியாது என்பதும் தப்பு. விழுந்தவன் எழ முடியாது என்பதும் தப்பு. ஒரே பிரிவுக்குள் இரண்டு கதவுகளையும் லுத்தரன் சபை மூடியது.

வீரமாமுனிவருக்கும் தரங்கம்பாடிக்கும் இருந்த உண்மையான வேறுபாடு, இழப்பது எதனால், திரும்பப் பெறுவது எப்படி என்பதில். சாவான பாவத்தால் பிரசாதம் போகிறது, சங்கீர்த்தனத்தால் திரும்புகிறது என்றார் ஒருவர். விசுவாசம் அணைந்தால் எல்லாம் போகிறது. துணிந்து பாவத்தில் நடப்பவனிடம் விசுவாசம் தங்காது. சுவிசேஷத்தின் பாவமன்னிப்பை மறுபடி நம்பும்போது திரும்புகிறது என்றார்கள் மற்றவர்கள். கிராமத்துக் கண்ணோட்டத்தில் இதன் பலன் பெரியது. கத்தோலிக்கருக்குக் குருவானவரின் வருகை வாழ்வா சாவா என்ற காத்திருப்பு. லுத்தரனுக்கு அந்த இடத்தில் கையில் ஒரு புத்தகம். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட அவர்கள் ஏன் அப்படி விரைந்தார்கள் என்பது இந்தப் பின்னணியில்தான் முழுதாக விளங்குகிறது.

மூன்றாவது பதில் வரப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆயிற்று. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் அமெரிக்கன் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். வேலூர், ஆரணி, ராணிப்பேட்டை என்று வடக்கே பரவிய அந்த மிஷன், தென்னார்க்காட்டுக்குள் திண்டிவனத்தையும் மையமாக்கிக்கொண்டது. வேலூர் ஆஸ்பத்திரியைத் தந்த ஐடா ஸ்கடரின் குடும்பம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர்களை அனுப்பிய சபை டச்சு வழிச் சீர்திருத்தச் சபை. அதன் மூன்று விசுவாசப் பிரமாணங்களில் ஒன்று 1618–19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சங்கத்தின் தீர்மானங்கள். அந்தத் தீர்மானங்களின் ஐந்தாம் தலைப்பு பரிசுத்தவான்களின் விடாநிலை. தேவன் உலகத்தோற்றத்துக்கு முன் தெரிந்துகொண்டவர்களைக் கடைசிவரை காப்பார். அவர்கள் கொடிய பாவத்தில் விழலாம், நெடுநாள் இருளில் கிடக்கலாம், ஆனால் முழுதாகவும் முடிவாகவும் விழுந்துபோக அவர் விடமாட்டார்.

இந்த மூன்று பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி தாவீது ராஜாவின் கதை. மூன்று தரப்புமே அவரைத்தான் சாட்சிக்கு இழுக்கின்றன. தாவீது பத்சேபாளோடு விபசாரம் செய்தார். அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டார். நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டிக்கும்வரை மாதக்கணக்கில் அப்படியே இருந்தார். அந்த மாதங்களில் தாவீது செத்திருந்தால் என்ன ஆகியிருப்பார்?

கோணாங்குப்பத்து உபதேசியாரின் பதில்: சாவான பாவத்தில் செத்தவர், மனஸ்தாபம் இல்லையென்றால் கெட்டார். தரங்கம்பாடி வழியில் நின்ற மேல்பட்டாம்பாக்கத்து லுத்தரனின் பதிலும் அதற்கு வெகு அருகில் நிற்கிறது. லுத்தரே 1537இல் எழுதிய ஸ்மால்கால்டு கட்டுரைகளில் இதே தாவீதைச் சொல்லி, அப்படிப்பட்ட பாவத்தில் விழும்போது விசுவாசமும் ஆவியும் வெளியேறிவிட்டன என்கிறார். திண்டிவனத்தில் பதில் மாறுகிறது. டோர்ட் தீர்மானமும் தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவர்கள் தேவனை மிகவும் துக்கப்படுத்தினார்கள், தேவதயவின் உணர்வைச் சில காலம் இழந்தார்கள். ஆனால் அவர் தம் ஆவியை அவர்களிடமிருந்து முற்றாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர்களில் ஊன்றிய அழியாத வித்தைக் காத்தார். நாத்தான் வந்தது தற்செயலா? அவர் வந்ததே தேவன் தாவீதை விடவில்லை என்பதற்கு அடையாளம் என்பார்கள் அவர்கள்.

மூவருக்கும் வேதத்தில் ஆதாரம் இருக்கிறது. அதுதான் இந்தக் கேள்வியின் கனம். என் ஆடுகளை என் கையிலிருந்து ஒருவனும் பறிக்க முடியாது என்ற பொருளில் இயேசு பேசுவதை யோவான் 10ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒளியைக் கண்டு, பரம ஈவை ருசித்து, ஆவியில் பங்குபெற்றபின் மறுதலித்தவர்களை மனந்திரும்புதலுக்குத் திரும்பப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்று எபிரெயர் 6ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. ஒரு கட்சி எபிரெயரை யோவானுக்குள் மடிக்கிறது. அந்த ஆட்கள் ருசி பார்த்தவர்கள்தான், விழுங்கியவர்கள் இல்லை என்கிறது. மறுகட்சி யோவானை எபிரெயருக்குள் மடிக்கிறது. வேறொருவன் பறிக்க முடியாதுதான், தானாகவே இறங்கிப் போகலாமே என்கிறது. இரண்டு மடிப்பும் எனக்குக் கொஞ்சம் அவசரமாகவே படுகின்றன. எபிரெயர் நிருபத்தை எழுதியவர், அந்த எச்சரிக்கையை முடித்த கையோடு, உங்களைப் பற்றி இதைவிட நன்மையானதையே எதிர்பார்க்கிறேன் என்று தன் வாசகர்களுக்கு ஆறுதலும் சொல்கிறார். விழப்போகிறவனைப் பிடித்து நிறுத்தப் போட்ட கூச்சலை, விழுந்துவிட்டவன் மேல் எழுதிய தீர்ப்பாக வாசித்தால் அந்த ஆறுதலுக்கு இடம் எங்கே?

இந்த மிஷன்கள் வருவதற்கு முன்பே தமிழ் மண் இதே கேள்வியைக் கேட்டு முடித்திருந்தது. வைணவத்தில் திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியாரின் தென்கலை வழியும் வேதாந்த தேசிகரின் வடகலை வழியும் பிரிந்த இடமே இதுதான். வடகலையாருக்குக் குரங்குக் குட்டி உதாரணம்: தாய் தாவும்போது குட்டிதான் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையாருக்குப் பூனைக் குட்டி: தாயே கவ்விக்கொண்டு போகும், குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பிடித்த கை யாருடையது? டோர்ட் சங்கம் கூடுவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே காவிரிக்கரையும் காஞ்சியும் இதை முழு நுட்பத்தோடு வாதிட்டுவிட்டன.

இந்த இரண்டு உலகங்களும் ஒரே மனிதருக்குள் சந்தித்த இடம் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். பெரிய காப்பியமாக அவர் எழுதிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளியானது. மூலம் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதை. பனியன் கால்வின் வழியைச் சேர்ந்தவர்; தெரிந்துகொள்ளப்பட்டவன் கடைசியில் வந்து சேருவான் என்று நம்பியவர். ஆனாலும் அந்தக் கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளம், பாசாங்கு, பாதி வழியில் திரும்பிய பயணிகள். நம்பிக்கையே இல்லை என்று இரும்புக் கூண்டுக்குள் அமர்ந்திருக்கும் மனிதன் ஒருவன் வருகிறான். மோட்ச வாசலின் அருகிலிருந்தே நரகத்துக்கு ஒரு வழி பிரிகிறது. இழக்க முடியாது என்று நம்பிய ஒருவர் எழுதியதில் இவ்வளவு பயம் எதற்கு? வழி நெடுக நடக்கிறவனுக்குப் பயமும் தேவை என்று பனியன் அறிந்திருந்தார். கிருஷ்ணபிள்ளை அந்தப் பயணத்தைக் கம்பன் தமிழுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். சரணாகதியின் மொழியைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவருக்கு, பிடிப்பதும் பிடிக்கப்படுவதும் புதிய சங்கதியாக இருந்திருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் நூல்களும் சங்கங்களும். இனிச் சொல்லப்போவது வயிறு சம்பந்தப்பட்டது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் மிஷன்களின் வாசலில் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். திருநெல்வேலியில் கால்டுவெல்லின் சபைகளில் இது பெரிய அலையாக எழுந்தது. கஞ்சித்தொட்டி மூடி, மழை பெய்து, கழனியில் வேலை கிடைத்ததும் பல ஊர்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். பண்ணையாரின் மிரட்டல், சொந்தக்காரர் நெருக்கடி, கலியாணத்துக்குப் பெண் கிடைக்காத பயம் என்று காரணங்கள் ஏராளம். ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்ற ஏச்சும் அவர்கள்மேல் விழுந்தது. சபைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே ‘பின்வாங்கினவர்’ என்று எழுதும்போது, எழுதியவர் மனதில் இந்தக் கேள்வி வந்தே தீரும். பெற்று இழந்தார்களா, பெறவே இல்லையா?

டோர்ட் வழிக்கு ஒரு பதில் தயாராக இருந்தது: நம்மைவிட்டுப் போனவர்கள் உண்மையில் நம்முடையவர்களாய் இருந்ததில்லை என்று யோவானின் முதல் நிருபம் 2ஆம் அதிகாரத்தில் சொல்லவில்லையா? கோட்பாட்டளவில் இது ஒழுங்கான பதில். ஆனால் பட்டினிக்கு அஞ்சி வந்து, பண்ணைக்கு அஞ்சிப் போன ஒரு கூலிக்காரப் பெண்ணைப் பார்த்து, உனக்கு ஒருநாளும் விசுவாசம் இருந்ததே இல்லை என்று சொல்வதற்கு யாருக்கு அதிகாரம்? அவள் பாடிய கீர்த்தனை, படித்த கர்த்தருடைய ஜெபம், பிள்ளைக்கு வைத்த பெயர் எல்லாம் பொய்யா? டோர்ட் தீர்மானத்தை எழுதியவர்கள் இப்படிப் பயன்படுத்தச் சொல்லவில்லை. விழுந்தவர்கள் எழுவார்கள் என்ற தைரியத்துக்காகவே அதை எழுதினார்கள். அது தீர்ப்புச் சொல்லும் கருவியாக மாறிய இடங்களில் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

எதிர்ப்பக்கமும் சுத்தமில்லை. இழக்கலாம் என்ற போதனையைப் பயமுறுத்தலாக மாற்றியவர்கள் எல்லாச் சபைகளிலும் உண்டு. ஞாயிறு ஆராதனைக்கு வராததும், காணிக்கை குறைந்ததும், போதகரை எதிர்த்துப் பேசியதும் இரட்சிப்பை இழக்கும் பாவங்களாகப் பேசப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வோர் எழுப்புதல் கூட்டத்திலும் முன்னால் வந்து முழங்காலிட்டு, மறுபடியும் மறுபடியும் இரட்சிக்கப்பட்டு, வீட்டுக்குப் போனதும் மறுபடியும் சந்தேகப்படும் இளைஞர்கள் எத்தனை பேர்! லுத்தர் துறவியாக இருந்தபோது இதே வேதனையில்தான் கிடந்தார்.

சபைகள் நடைமுறையில் என்ன செய்தன என்று பார்த்தால் கோட்பாட்டு வேலிகள் தாழ்ந்துவிடுகின்றன. 1701இல் தஞ்சை மராட்டிய அரசர் ஷாஜி காலத்தில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது அஞ்சி மறுதலித்தவர்களும் இருந்தார்கள். திரும்பி வந்தவர்களை அபராதத் தபசோடு சேர்த்துக்கொண்டார்கள் சேசு சபைக் குருக்கள். லுத்தரன் சபையில் சபை விலக்குச் செய்யப்பட்டவர், சபையார் முன் எழுந்து நின்று அறிக்கை செய்தால் நற்கருணைக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டார். டோர்ட் வழிச் சபையிலும் மூப்பர்கள் முன் மனந்திரும்புதல், மறுசேர்க்கை. இழந்ததைப் பெற்றான் என்றும், இழக்கவே இல்லை என்று இப்போது தெரிந்தது என்றும் காரணம் வேறு வேறாக எழுதினார்கள், நடந்தது ஒன்றே. நோவாசியனின் வழியில் நின்று கதவையே அடைத்த பெரிய சபை எதுவும் இந்த வட்டாரத்தில் வேர் பிடிக்கவில்லை.

விருத்தாசலத்தில் இருந்துகொண்டு எரேமியாவை வாசிப்பவருக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. குயவன் வீட்டுக்குப் போன தீர்க்கதரிசி, கையில் கெட்டுப்போன மண்ணை அவன் வேறு பாத்திரமாக வனைந்ததைக் கண்டார்; இது 18ஆம் அதிகாரம். இழந்தவரும் திரும்ப வனையப்படலாம் என்பதற்கு இதை எடுத்துப் பேசாத போதகர் இல்லை. அடுத்த அதிகாரத்தைச் சேர்த்து வாசிப்பவர்கள் குறைவு. அங்கே எரேமியா ஒரு மண்கலசத்தை வாங்கி மூப்பர்கள் கண்முன் உடைக்கிறார்; இனிச் செப்பனிட முடியாதபடி உடைந்த கலசம் போல இந்த நகரம் ஆகும் என்கிறார். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சூளை. விருத்தாசலத்தில் உள்ள செராமிக் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால் இதைக் கண்ணால் காணலாம். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணைக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எடுத்த பொம்மை, காயும்போது காது உடைந்தால், அதைத் தூக்கித் தொட்டியில் போடுகிறார்கள். தண்ணீரில் ஊறி மறுபடி குழம்பாகி அடுத்த அச்சுக்குப் போகிறது. சூளைக்குள் போய் வெந்து வந்த பொம்மையின் காது உடைந்தால் அது தொட்டிக்குத் திரும்பாது. வெளியே ஓட்டுக் குவியலில் சேரும். எரேமியா பேசியது ஒரு தேசத்தைப் பற்றி. தனி ஆளின் ஆத்துமத்தைப் பற்றியல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் 18ஐயும் 19ஐயும் அடுத்தடுத்து வைத்தவர் குயவன் வேலையை அருகில் நின்று பார்த்தவர். உயிரோடு இருக்கிற எவனையும் இன்னும் சூளைக்குப் போகாத பச்சை மண்ணாகவே எண்ண வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எபிரெயர் 6 பேசுவது சூளை வாசலில் நின்று.

இருபதாம் நூற்றாண்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சகோதரர் சபைகள் நித்திய பாதுகாப்பை அழுத்தமாகப் போதித்தன. அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் 1830களில் இந்தியாவுக்கு வந்ததில் தொடங்கும் மரபு அது. பெந்தெகொஸ்தே சபைகள் 1920கள் முதல் இலங்கையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டுக்குள் பரவின. அவற்றில் பெரும்பாலானவை, பின்மாற்றக்காரன் இரட்சிப்பை இழக்கலாம் என்று போதிப்பவை. தஞ்சை, மன்னார்குடிப் பக்கம் வேரூன்றிய வெஸ்லியன் மெதடிஸ்டுகளும் அந்தக் கட்சிதான். ஜான் வெஸ்லி இதைப் பற்றித் தனிநூலே எழுதியவர்.

அந்த வெஸ்லியன்களும் டோர்ட் வழி ஆற்காடு மிஷன் சபைகளும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தார்கள். இழக்கலாம் என்றவரும் இழக்க முடியாது என்றவரும் ஒரே பந்தியில். இணைப்பின் அடிப்படை வேதாகமமும் பழைய விசுவாசப் பிரமாணங்களும். இந்தக் கேள்விக்கு ஒரே விடை எழுதிக் கையெழுத்திட யாரையும் கேட்கவில்லை. இதைக் கோழைத்தனமான சமரசம் என்று ஏசியவர்கள் உண்டு. என் பார்வையில் அது இந்த நாட்டுச் சபை எடுத்த துணிச்சலான முடிவுகளில் ஒன்று. முந்நூறு ஆண்டுகள் ஐரோப்பாவைப் பிரித்து வைத்த வேலியை, அதைப் போடாத மக்கள் தாண்டினார்கள்.

லுத்தரன்கள் அந்த இணைப்பில் சேரவில்லை. 1948 முதல் 1959 வரை தென்னிந்தியத் திருச்சபையோடு இறையியல் உரையாடல் நடத்தினார்கள். நியாயப்பிரமாணமும் சுவிசேஷமும், தேவனுடைய தெரிந்துகொள்ளுதல், திருவிருந்து ஆகியவை அங்கே பேசப்பட்டன. 1999 அக்டோபர் 31 அன்று, அதே ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. இரட்சிப்பின் நிச்சயம் பற்றி அதில் தனிப் பகுதியே இருக்கிறது. விசுவாசி தன் பலவீனத்தைப் பார்த்தால் கலங்கலாம், கிறிஸ்துவின் வாக்கைப் பார்த்தால் நம்பலாம் என்பதே அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்தச் சபைகள் 2017இலும் அதில் சேர்ந்தார்கள். வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரும் ஒருவரையொருவர் திட்டி எழுதிய ஏடுகளுக்கு இருநூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பதில் அது.

ஆனால் தாது வருஷத்துப் பதிவேடுகளில் பெயர் அடிக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கையெழுத்து எட்டவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் எல்லா மதத்திலும் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களில் திரும்பி வந்தவர்களை ஏற்பதில் ஒரு தடை மட்டும் எல்லாக் கோட்பாட்டையும்விட உயரமாக நின்றது. அது சாதி. நற்கருணைப் பாத்திரத்தில் யார் முதலில் குடிப்பது என்ற தகராறு, பரிசுத்த ஆவியை இழப்பது பற்றிய தகராறைவிட அதிகச் சபைகளை உடைத்திருக்கிறது. அந்தத் தகராறில் லைப்சிக் மிஷனோடு முறித்துக்கொண்டு, 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியாவை நிறுவிய கார்ல் ஓக்ஸ் ஐயரின் கதையை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம். டேனிஷ் மிஷன் விருத்தாசலம் வந்து சேர்ந்தது அவர் திறந்த வழியில்தான்.

(தொடரும்)